வெர்னாவின் இறைச்சித் தட்டு

எங்கள் கூரபின் ஊரில் வெள்ளிக்கிழமை மாலை என்றால் எல்லோரும் கிளப்பில்தான் இருப்போம். சாக்கு, இறைச்சிக் குலுக்கல். சீட்டு விழுந்தவருக்குத் தட்டு நிறைய ஆட்டுக்கறியும் சாஸேஜும். கிளப் மேனேஜர் ஹெக்டர் சீட்டுகள் போட்ட பீப்பாயைச் சுழற்றிச் சீட்டெடுப்பார்.

அந்தக் கோடையில் வெர்னா மூன்று வாரம் தொடர்ந்து ஜெயித்தார். கணவர் ஃபிராங்க் இறந்த பிறகு தனியாக இருப்பவர். தன் பெயர் கேட்டதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவருவார்.

கிளைவுக்கு இது சரியாகப் படவில்லை. ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணில் பட்ட எதையும் அவரால் சும்மா விட முடியாது.

"ஹெக்டர் பழுப்புச் சட்டை போட்டா வெர்னா ஜெயிக்கிறா. கவனிச்சீங்களா?"

"அவன்கிட்ட இருக்கறதே ரெண்டு சட்டைதானேய்யா," என்றார் பேக்கரி பாஸ்கோ.

அடுத்த வாரமும் பழுப்புச் சட்டைதான். ஆனால் பரிசு வேறு யாருக்கோ போனது. கிளைவ் அசரவில்லை. "நடுவுல ஒரு வாரம் விட்டுக்கொடுத்தாத்தானே யாருக்கும் சந்தேகம் வராது?"

இதைக் கேட்டு பாஸ்கோவுக்கே லேசாகச் சந்தேகம் தட்டியது. ஹெக்டரின் நாய் வெர்னா வீட்டு வாசலில் படுத்திருந்ததைத் தான் பார்த்ததாகச் சொன்னார். மறுவாரம் வெர்னா மீண்டும் ஜெயித்தபோது பாதிப்பேர் கைதட்டவில்லை. அப்படியெல்லாம் இல்லை என்று ஹெக்டர் எவ்வளவோ சொன்னார். "தப்பு பண்ணாதவன் எதுக்கு இவ்வளவு விளக்கம் சொல்றான்?" என்றார் கிளைவ்.

வீட்டில் கிளைவின் மனைவி நெரிடா ஆட்டுக்கறி சாப்ஸை அவர் தட்டில் வைத்தபடி கேட்டார். "இது எங்கேருந்து வந்துச்சு, தெரியுதா?"

"கடையிலேருந்து."

"கதை விடாதே. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ரெண்டு தடவை நீதான் ஜெயிச்சே. இன்னும் ஃப்ரீசர்ல பாதி கிடக்கு."

"அது அதிர்ஷ்டம்," என்றார் கிளைவ், மென்றுகொண்டே.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹெக்டர் பொறுமை இழந்து பீப்பாயைக் கிளைவ் முன்னால் நகர்த்தினார். "இந்தா, நீயே எடு."

கிளைவ் சட்டைக்கையை மடித்துக்கொண்டார். வெர்னாவைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார். பீப்பாயை அவரே சுற்றினார், பாஸ்கோவையும் சுற்றச் சொன்னார். பிறகு கண்ணை இறுக மூடி, அடியாழத்தில் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்தார். படித்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்தே எங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நானா?" என்றார் வெர்னா, சுவரைப் பார்த்தபடியே.

கிளப் முழுக்கச் சிரிப்பு. ஆனால் மறுநாள் பேக்கரியில் பாஸ்கோ ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே கிளைவிடம் மெதுவாகக் கேட்டார். "வெர்னா உனக்கு எவ்வளவு கறி குடுக்கறா?"

"நான் கண்ணை மூடிக்கிட்டுத்தானேய்யா எடுத்தேன்."

"அதான் கேக்கறேன். எதுக்கு அப்படி மூடிக் காட்டினே?"

கிளைவ் விளக்க ஆரம்பித்தார். விளக்க விளக்க வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரொட்டியைக் கூட வாங்காமல் வெளியே வந்தவர் நேராக வெர்னா வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

"மன்னிச்சுக்கம்மா. வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்."

"எதுக்கு மன்னிப்பு? ஃபிராங்க் போனதுலேருந்து இந்த ஊர் என்னை இவ்வளவு கவனிச்சதே இல்ல. கிளப்புக்குத் தலையெல்லாம் வாரிக்கிட்டு வந்தேன், தெரியுமா?" வெர்னாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஒருத்தி எவ்வளவு கறிதான் திங்கறது? போய் நெரிடாவைக் கூட்டிட்டு வா. அந்த ஹெக்டரையும்."

அன்று மாலை வெர்னா வீட்டுக் கொல்லையில் அடுப்பு மூட்டினார்கள். புகை கண்டு பாஸ்கோவும் ரொட்டியோடு வந்து சேர்ந்தார். கிளைவ்தான் சாஸேஜைப் புரட்டினார். பேச்சு சுவாரஸ்யத்தில் பாதியைக் கருக்கினார். யாரும் அதற்கு எந்தக் காரணமும் கற்பிக்கவில்லை. தக்காளி சாஸை ஊற்றிச் சாப்பிட்டு முடித்தார்கள்.