பம்பரம் சாலையைக் கடந்த கதை

பம்பரம் இறந்துபோய் ஒரு மாதம் போல ஆனபிறகுதான் ஓவிய சார் அந்த வேலையைக் கொடுத்தார். சொந்தமாக ஒரு சூப்பர்ஹீரோவை உருவாக்க வேண்டும். எங்கேயோ பார்த்ததைப் பெயர் மாற்றிக் கொண்டுவரக் கூடாது. எட்டுப் பக்கக் காமிக்ஸ். வரைய ஆரம்பிக்கும் முன் திட்டம் எழுதிக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். குழுவுக்கு நாலு பேர் என்று பிரித்துக்கொண்டே வந்தவர், கடைசி பெஞ்சுக்கு வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். அங்கே மூன்று பேர்தான் இருந்தார்கள். வேண்டுமானால் ஆளுக்கொரு குழுவில் சேர்ந்துகொள்ளலாம் என்றார், குரலைத் தாழ்த்தி. வேண்டாம் சார் என்றாள் வாயாடி. கணக்கு தலையை ஆட்டினான். குச்சியும் ஆட்டினாள். அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் குச்சி தலையை ஆட்டிவிடுவாள். வீட்டில் பாம்பு வளர்க்கலாமா என்று கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பாள்.

இந்தப் பட்டப்பெயர்களை எல்லாம் வைத்தவன் பம்பரம்தான். ஓயாமல் பேசுகிறவள் வாயாடி. கூட்டிக் கழித்துப் பார்க்காமல் வாயைத் திறக்காதவன் கணக்கு. ஒல்லியாக இருந்துகொண்டு காதில் பென்சிலும் செருகியிருப்பவள் குச்சி. தனக்கு மட்டும் ராஜா என்று வைத்துக்கொண்டான். அது எடுபடவில்லை. உட்கார்ந்த இடத்தில் உட்காராதவனை மற்ற மூவரும் பம்பரம் என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. ஒரு சாயங்காலம் கடைக்குப் போகிறேன் என்று பெரிய சாலையைக் கடந்தபோது லாரி மோதிவிட்டது. அவ்வளவுதான்.

குச்சி அழவில்லை. அடக்கிக்கொண்டாள் என்றும் சொல்ல முடியாது. உள்ளே துழாவிப் பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை. பல் விளக்கினாள், பள்ளிக்குப் போனாள், வீட்டுப்பாடம் எழுதினாள். பரீட்சையில் முன்பைவிட நாலு மார்க் கூடவே வந்தது. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் அவள் அம்மா, வேலை முடிந்து வந்ததும் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். மனதில் இருப்பதைக் கொட்டிவிடு என்பாள். கொட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று குச்சிக்குத் தெரியவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபிறகு கன்னத்தைத் தொட்டால் அது வேறு யாருடைய கன்னமோ போல இருக்குமே, அவளுக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது.

மூவரும் நூலகத்தின் மூலை மேசையில் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். வாயாடி மழையை வரவழைக்கும் பெண் வேண்டும் என்றாள். மழை பெய்தால் பள்ளிக்கு லீவு விடுவார்கள், அதைவிட மக்கள் சேவை உண்டா என்பது அவள் வாதம். கணக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எந்தச் சக்திக்கும் ஒரு விலை இருக்க வேண்டும், விலை இல்லாத சக்தியில் கதை இல்லை என்றான். மழை வந்தால் அவளுக்குத் தும்மல் வரட்டும் என்றாள் வாயாடி. தோளில் அங்கி தொங்க வேண்டுமா, தொங்கினால் பஸ் கதவில் மாட்டிக்கொள்ளாதா என்று ஒரு மணி நேரம் போனது. சொன்னதை எல்லாம் குச்சி வரைந்து தள்ளினாள். தும்முகிற பெண்ணை வரைந்தாள், அங்கியோடும் அங்கி இல்லாமலும் வரைந்தாள். எல்லாம் நன்றாகவே வந்தன. எதுவும் அவளுக்குப் பிடிக்கவும் இல்லை, பிடிக்காமல் போகவும் இல்லை.

பம்பரம் இருந்திருந்தால் இந்நேரம் மேசைமேல் ஏறி நின்றிருப்பான் என்பது மூவருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் வாயாடிதான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அவனையே ஹீரோவா வச்சிடலாமா?" என்றாள்.

 கணக்கு சரி என்றான். குச்சியும் சரி என்றாள், உடனே காகிதத்தை இழுத்து வரைந்தாள். அகன்ற மார்பு, முறுக்கேறிய புயம், இடுப்பில் கை. முகம் மட்டும் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த அவன் பாஸ்போர்ட் போட்டோவைப் போலவே வந்தது. அச்சு அசல் அவனேதான் என்று சொல்லி வாயாடி முகத்தை மூடிக்கொண்டாள். குச்சி நிழல் பூசிக்கொண்டிருந்தாள்.

சார் யோசனையைக் கேட்டுவிட்டு, வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் இதைச் செய்யக் கூடாது என்றார். பம்பரத்தின் வீடு குச்சி இருக்கும் அதே கட்டிடத்தில், ஒரு மாடி கீழே. கேட்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. படத்தைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அத்தை, அதாவது பம்பரத்தின் அம்மா, தையல் இயந்திரத்தின்முன் இருந்தாள். உறவு ஒன்றும் இல்லை, சின்ன வயதிலிருந்து கூப்பிட்டுப் பழகியதால் அத்தை. ஓட்டல்களுக்கும் அலுவலகங்களுக்கும் திரைச்சீலை தைப்பது அவள் தொழில். கூடம் முழுக்கச் சாம்பல் நிறத் துணி மலையாகக் கிடந்தது. நாற்காலியில் துணி, கட்டிலில் துணி. குச்சி நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள், ஒப்பிப்பதுபோல.

அத்தை படத்தை இயந்திரத்தின்மேல் விரித்து வைத்துப் பார்த்தாள்.

"யாரு இது?"

"பம்பரம்."

"இவ்வளவு சதை எங்கேருந்து வந்துச்சு இவனுக்கு? தட்டுல வச்சதுல பாதியத் திங்க மாட்டானே." சிரிப்புப் போல ஒன்று வந்து, வந்த வழியே போய்விட்டது. கதையில் என்ன செய்வான் என்று கேட்டாள். பறப்பான், ரயிலை நிறுத்துவான், இடியப்போகும் அணையைத் தோள் கொடுத்துத் தாங்குவான் என்று குச்சி சொல்லிக்கொண்டே போனாள்.  கடைசியில் அத்தை, கொஞ்சம் இப்படிப் பிடி என்று ஒரு நீளத் திரைச்சீலையின் முனையைக் குச்சி கையில் கொடுத்தாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று மடித்தார்கள். மடிக்க மடிக்க நடுவில் இருந்த தூரம் குறைந்து, இருவர் கையும் ஒன்றாகச் சேர்ந்தபோது அத்தை துணியை விடாமல் நின்றாள்.

"பறக்கறதெல்லாம் வேணாம்மா. அவனுக்கு மாடியிலேருந்து எட்டிப் பாக்கவே பயம்."

"சரி அத்தை."

"நூல் தீர்ந்துபோச்சுன்னு நான்தான் அனுப்பினேன். கடையில நூல வாங்கிட்டு, அவன் அந்த ரோட்டத் தாண்டட்டும். தாண்டி வீட்டுக்கு வரட்டும். அது போதும்."

குச்சி சரி என்றாள். படத்தைச் சுருட்டிக்கொண்டு மேலே வந்தாள். என்ன சொன்னாங்க என்று அம்மா கேட்டதற்கு, சதை அதிகமாம் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் நூலகத்தில் பெரிய சண்டை. சாலையைக் கடப்பது எப்படிச் சூப்பர்ஹீரோ கதையாகும், தினமும் ஊரே கடக்கிறதே என்றான் கணக்கு. உனக்கு நெஞ்சுக்குள் கால்குலேட்டர்தான் இருக்கிறது என்றாள் வாயாடி. அவன் முகம் சுருங்கிப்போயிற்று. நூலகர் எழுந்து வந்து மிரட்டிவிட்டுப் போனார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அப்போது குச்சி பேசினாள். வாரக்கணக்கில் சரி, இல்லை, தெரியாது என்பதற்குமேல் பேசாதவள் பேசியதால் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரோட்டத் தாண்டறப்ப அவன் என் பை வாரைப் பிடிச்சுக்குவான். உங்களுக்குத் தெரியாது. நீங்க ரெண்டு பேரும் வேற பக்கம் போயிடுவீங்க. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தான்."

 கணக்கு திட்டத் தாளை எடுத்து, அணை, ரயில் எல்லாவற்றையும் ஒரே கோடாக அடித்தான். அப்படியானால் அந்த இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும், பார்க்காமல் கட்டம் பிரிக்க முடியாது என்றான்.

சனிக்கிழமை மத்தியானம் போனார்கள். அது நடந்தபிறகு மூவரும் அந்தப் பக்கமே போனதில்லை. குச்சி பள்ளிக்குக்கூடச் சுற்றுவழியில்தான் போய்க்கொண்டிருந்தாள். பார்த்தால் சாதாரணச் சாலைதான். இந்தப் பக்கம் டயர் கடை, மருந்துக் கடை. அந்தப் பக்கம் பஸ் நிறுத்தம், நூலும் பொத்தானும் விற்கும் கடை. நடுவில் வெள்ளைக்கோடு அழிந்துபோயிருந்தது. டயர் கடைக்காரர் காற்றுக் குழாயைப் பிடித்துக்கொண்டு அவர்களையே பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது போலும், பார்வையைத் திருப்பிக்கொண்டார். குச்சி நின்றபடியே பஸ்ஸையும் லாரியையும் சைக்கிளையும் வரைந்தாள். எதையும் அளந்து பார்க்கிற கணக்கு அன்றைக்கு ஒன்றையும் அளக்கவில்லை. கையைப் பையில் விட்டுக்கொண்டு நின்றான்.

கதையில் அவன் திரும்பி வருவதை வரைய வேண்டும் என்றால் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். வாயாடிக்குக் கால் எழவில்லை. நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் இங்கேயே நிற்கிறேன் என்றாள். குச்சி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றாள். வாயாடி வாரைப் பிடித்தாள். இன்னொரு பக்கம் கணக்கும் பிடித்தான். வண்டிகள் ஓயும்வரை காத்திருந்து கடந்தார்கள். நடுவில் ஒரு பஸ் ஒலிப்பானை அடித்தபோது வாயாடியின் கை வாரிலிருந்து நழுவிக் குச்சியின் புஜத்தைக் கவ்விக்கொண்டது. நகம் பதிந்தது. அந்தப் பக்கம் சேர்ந்தபிறகுதான் குச்சிக்கு அது வலித்தது. நன்றாகவே வலித்தது. சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தாள், சிவந்திருந்தது. வாயாடி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பரவாயில்லை, பரவாயில்லை என்று குச்சி சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து, எதிர்ப்பக்கத்திலிருந்து சாலையை வரைந்தாள்.

திட்டத் தாளைப் பார்த்த சார், சக்தி என்ற இடம் காலியாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார். சக்தி எதுவும் இல்லை சார் என்றான் கணக்கு. சக்தி இல்லாமல் சூப்பர்ஹீரோ எப்படி என்று சார் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அவன் வீட்டுக்கு வந்துடறான் சார்," என்றாள் குச்சி.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். மார்க் போடுவது தான் மட்டும் இல்லை, வெளியிலிருந்து வருகிறவர்கள் குறைத்துவிடுவார்கள் என்று எச்சரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் சொன்னபடியே குறைத்தார்கள். பிளாஸ்டிக் குப்பையைத் தின்று பனிக்கட்டியாகக் கக்கும் ஒரு ரோபோவுக்கு முதல் பரிசு போயிற்று. ரோபோவும் நன்றாகத்தான் இருந்தது.

எட்டுப் பக்கத்திலும் பெரும்பாலும் அதே சாலை. வாயாடி அத்தனை பேசுகிறவள், பேச்சுக் குமிழ்களில் ஏழெட்டு வார்த்தைக்குமேல் எழுதவில்லை. கணக்கு கட்டங்களைப் பிரித்தான். பையன் நடைபாதையில் நிற்கும்போது அகலமான கட்டம், இறங்கியபிறகு சின்னச் சின்னக் கட்டங்கள். பென்சிலில் வரைந்த முதல் பிரதியை எடுத்துக்கொண்டு குச்சி அத்தை வீட்டுக்குப் போனாள்.

அத்தை துணியை ஒதுக்கிவிட்டுக் கட்டிலில் இடம் கொடுத்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்போல ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துப் பார்த்தாள். கடையில் பையன் நூல் வாங்கினான், சில்லறையை எண்ணாமல் பையில் போட்டான். இப்படித்தான் எண்ண மாட்டான் என்றாள். லாரி வரும் பக்கத்தில் விரல் நின்றுவிட்டது. அந்தப் பக்கத்தில் அதுதான் கடைசிக் கட்டம். திருப்பினால்தான் உண்டு. அத்தை திருப்பவில்லை. இயந்திரத்தின் மோட்டார் மட்டும் அணைக்காமல் விட்டதால் முனகிக்கொண்டிருந்தது.

"திருப்புங்க அத்தை," என்றாள் குச்சி.

அத்தை திருப்பினாள். லாரி போய்விட்டிருந்தது. பையன் இந்தப் பக்கம் டயர் கடை வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். ஆள் ஒல்லியாக, மேல் பொத்தான் அவிழ்ந்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தான். அத்தை அந்தக் கட்டத்தைப் பார்த்தபடியே ரொம்ப நேரம் இருந்தாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. துடைக்கவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. பிறகு கடைசிப் பக்கம். அவன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வீட்டுக்குள் நின்று, பசிக்குதும்மா என்கிறான்.

"செருப்ப வெளியே விட்டிருக்கானே," என்றாள் அத்தை.

"ஆமா."

"விடவே மாட்டான். எத்தனை திட்டு வாங்கியிருக்கான் தெரியுமா."

குச்சி அழிரப்பரைக் கேட்டு வாங்கினாள். வாசலில் இருந்த செருப்பை அழித்து அவன் காலில் போட்டாள். வாசலிலிருந்து கூடம்வரை சேற்றுத் தடம் வரைந்தாள். வரையும்போது மூக்கு எரிந்தது, கோடு மங்கியது, புறங்கையால் துடைத்துக்கொண்டு மேலே வரைந்தாள்.

அத்தை அதை வாங்கிப் பார்த்தாள். ஆமாம், இப்படித்தான் என்றாள். பிறகு அந்தத் தடத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு, இப்போதுதானே துடைத்த தரை, கண் என்ன பின்னாலேயா இருக்கிறது, இந்த வீட்டில் நான் ஒருத்தி எத்தனைதான் செய்வது என்று தாழ்ந்த குரலில் திட்டத் தொடங்கினாள். குச்சி எழுந்து போகவில்லை. திட்டு முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.