கரை நாள்

தண்ணீரில் நடப்பதைக் கரையில் பேசுவதில்லை. அப்படியொரு விதி இருப்பதாக அந்தப் படகுத்துறையில் யாரும் யாருக்கும் சொன்னதில்லை. ஆனாலும் சனிக்கிழமைதோறும் சாமான் ஏற்ற வரும் படகுக்காரர்களும், அவர்களைப் பார்க்க வரும் வீட்டார்களும், துறையோரம் கடை வைத்திருந்த ஜானகியம்மாளும் அதை மீறியதே இல்லை. முன்பு இதே வேலைக்கு வந்திருந்த குழுவினர் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து படகைப் பற்றிக் குறை பேசினார்கள். பேச்சு ஒப்பந்தக்காரரின் காதுக்குப் போனது. அடுத்த வாரம் வேறு ஆட்கள் வந்தார்கள். படகு மட்டும் மாறவில்லை.

மஞ்சூருக்கு மேலே, மலைகளுக்கு நடுவில் கிடந்த அந்த அணையின் அடியில் எவ்வளவு வண்டல் படிந்திருக்கிறது என்று அளப்பதே அவர்களது வேலை. படகோட்டி பரமசிவன், அளவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ஃபெபி, கயிறும் நங்கூரமும் பிடிக்கும் விமல் என மூன்று பேர். சாலை எட்டாத அக்கரையில் ஒரு தகரக் கொட்டகையில் தங்கியிருந்தார்கள். வாரத்தில் இந்த ஒரு நாள்தான் அவர்களுக்குக் கரை நாள். அரிசி, பருப்பு, கருவாடு, பெட்ரோல் எல்லாம் அன்றுதான் ஏறும். மனித முகங்களைப் பார்ப்பதும் அன்றுதான்.

அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்தே தூறிக்கொண்டிருந்தது. மழைக்காலம் நெருங்கிவிட்டதென்பது எதிர்மலை கண்ணுக்குத் தெரியாமல் போனதிலேயே புரிந்தது. கடையின் மின்பலகையில் மூன்று கைபேசிகளும் தொங்கின. சார்ஜ் ஏறும்வரை பொறுக்காமல், ஒயரின் நீளத்துக்குள் குனிந்து நின்றபடியே ஃபெபி குன்னூரிலிருந்த தன் அம்மாவிடம் பேசினாள்.

“நல்லாத்தான் இருக்கேம்மா. வேலைதான், வேறென்ன? இல்ல, குரல் அப்படித்தான் இருக்கு, தூக்கம் பத்தல.”

தூக்கம் ஏன் போதவில்லை என்பதை அவள் சொல்லவில்லை. படகின் அடிப்பகுதியில் விழுந்த விரிசல் நீண்டுகொண்டே போனது. இரவில் கட்டிப்போட்ட படகு காலையில் பாதி மூழ்கிக் கிடக்கும். வெளிச்சம் வரும் முன்பே எழுந்து மூவரும் தண்ணீரை மொண்டு ஊற்றினால்தான் அன்றைய வேலை தொடங்கும்.

ஜானகியம்மாள் கேட்காமலேயே சாமான்களை எடுத்து வைத்தாள். விரிசல் அடைக்கும் பசையை முன்பெல்லாம் ஒரு டியூப்தான் வாங்குவார்கள். இப்போது அவள் கை நிறைய அள்ளினாள். அள்ளியதை வெங்காயப் பைக்கு அடியில், பார்க்க வந்தவர்களின் கண்ணில் படாதபடி செருகினாள். பெஞ்சில் உட்கார்ந்து வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டிருந்த கந்தன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஒப்பந்தக்காரரின் ஜீப்பில் பெட்ரோல் கேன்களைக் கொண்டுவருபவன் அவன்தான். துறையில் விழுந்த சொல் எந்த வழியாக ஊர் போய்ச் சேரும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள் பொன்னாயி, பரமசிவனின் மனைவி. வழக்கமாகத் தூக்குப் போசியில் குழம்போடு வருபவள் இன்று துணிப்பையும் போர்வையும் சுமந்திருந்தாள்.

“ஏனுங்க, இந்த வாட்டி நானும் வாரேனுங்க.”

“எங்க?”

“அக்கரைக்குத்தான். எஸ்டேட்டுல லீவு சொல்லிப்போட்டேன். ஒரு வாரம் சோறாக்கிப் போட்டுட்டு அடுத்த சனிக்கெழம எறங்கிக்கறேன். ஊட்டுல ஒத்தையில செவுத்தப் பாத்துட்டு எத்தன நாளைக்கு இருக்கறது?”

பரமசிவன் டீயைக் கீழே வைத்தான். தேயிலை ஃபேக்டரி மூடப்பட்ட பிறகு அவனுக்குக் கிடைத்த ஒரே வேலை இது. இதை இழந்தால் வேறில்லை என்பது பொன்னாயிக்கும் தெரியும்.

“அங்க அட்டை மேயுது, புள்ள.”

“தேயிலக் காட்டுல என்னைக் கடிக்காத அட்டையா?”

“குளிரு தாங்காது.”

“இங்க மட்டும் வெயில் கொளுத்துதாக்கும்?”

“காட்டெருமை வருது.”

“கொட்டாய் வாசல்லயே படுத்துக்குதுங்கக்கா,” என்று விமல் உதவிக்கு வந்தான்.

“அதுக்கு எடம் குடுத்திருக்கீங்க, எனக்கு எடமில்லயா?”

பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. “கூட்டிட்டுப் போ பரமசிவம்,” என்றாள் ஜானகியம்மாள். “நீ ஆக்கறதத் தின்னு ஃபெபிப் புள்ள எலும்பாப் போச்சு.” சொன்னபின் அவள் முகம் சட்டென்று வாடியது. தான் யாரை எதில் ஏறச் சொன்னோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் சொன்னதைத் திரும்பப் பெற வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும்.

ஃபெபி பரமசிவனின் அருகில் வந்து நின்றாள். “அண்ணா, இன்னிக்கு லோடு அதிகம். அக்கா அடுத்த வாரம் வரட்டுமே.” அந்த விதியின் விளிம்புவரை அவளால் வர முடிந்தது அவ்வளவுதான்.

பரமசிவன் கந்தனைப் பார்த்தான், பொன்னாயியைப் பார்த்தான். விடியும் முன்பிருந்தே தண்ணீர் மொண்ட அவன் தோள்கள் தொங்கிப் போயிருந்தன. இன்னொரு பொய்யைத் தேடும் தெம்பு அவனுக்கு இல்லை.

“அரிசி மூட்டைய எறக்கி வெச்சிரலாம்,” என்றான். “சரியாப் போயிரும்.”

விமல் மூட்டையை இறக்கினான். “அக்கா வர்றாங்க, அரிசி வரல. எதை ஆக்கறதாமாண்ணா?” என்று கேட்டுச் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. அரிசி வாங்குவதற்காகவே வந்த படகு அரிசியைக் கரையில் விட்டுவிட்டுப் புறப்படுவதை எல்லோரும் பார்த்தார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

படகில் மிதவை அங்கிகள் மூன்றுதான் இருந்தன. பரமசிவன் தன்னுடையதைக் கழற்றிப் பொன்னாயிக்கு மாட்டி, வார்களை இறுக்கிக் கட்டினான். அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

“இது உங்களுதுல்லீங்களா?”

“எனக்கு எதுக்கு? பழகின தண்ணி.”

அவள் பையை மடியில் வைத்து நடுப்பலகையில் உட்கார்ந்தாள். விமல் கயிற்றை அவிழ்த்துவிட்டுத் தாவி ஏறினான். துடுப்பால் உந்தியதும் படகு கரையை விட்டு விலகியது. பரமசிவன் எஞ்சின் கயிற்றைப் பிடித்து இழுக்கக் குனிந்தான்.

அடிப்பலகைகளின் இடுக்கிலிருந்து தண்ணீர் கசிந்து மேலேறியது. பொன்னாயியின் செருப்பு நனைந்தது. அவள் காலைத் தூக்கினாள், கீழே பார்த்தாள். ஃபெபி அந்த முகத்தைக் கவனித்தாள். அதில் திகைப்பு இல்லை. பொன்னாயி போர்வையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள், சேலையைச் செருகினாள், இருக்கைக்கு அடியில் கையை விட்டாள். பாதியாய் வெட்டிய எண்ணெய் கேன் அங்குதான் இருக்கும் என்று வெகு நாளாக அறிந்தவள்போல அதை எடுத்து, தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றத் தொடங்கினாள். நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு, எடை போடுமிடத்தில் வரிசையில் நிற்பவளின் அதே களைப்பு அவள் கையில் இருந்தது. மொண்டாள், ஊற்றினாள், மறுபடியும் மொண்டாள். வெங்காயப் பைக்கு அடியில் இருந்ததை அவள் ஒவ்வொரு வாரமும் பார்த்திருக்கிறாள். வெடித்துப்போன அவன் உள்ளங்கைகளையும் பார்த்திருக்கிறாள். அவளும் கரையின் விதியைக் காத்தவள்தான். படகுக்குள் வந்த பின்னும் காத்துக்கொண்டிருந்தாள்.

“புள்ள, விடு,” என்றான் பரமசிவன்.

அவள் நிமிராமல் ஊற்றினாள்.

“பொன்னாயி, அதக் கீழ வையி.”

“ஓட்டுங்க,” என்றாள் அவள். “நான் பாத்துக்கறேன்.”

பரமசிவன் எஞ்சின் கயிற்றைக் கைவிட்டான். படகு ஆடியதைப் பொருட்படுத்தாமல் எழுந்து நின்று கரைப் பக்கம் திரும்பினான். பெஞ்சில் இருந்தவர்கள், பார்க்க வந்தவர்கள், கடை வாசலில் அரிசி மூட்டையின் அருகே நின்ற ஜானகியம்மாள் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினான்:

“டேய் கந்தா! படகு ஓட்டை! அடிப்பக்கம் பூராவும் வெடிச்சுப் போச்சு. தெனமும் தண்ணிய மொண்டு ஊத்தித்தான் ஓட்டிட்டிருக்கறோம். இனி இதுல நானும் ஏற மாட்டேன், யாரையும் ஏத்தவும் மாட்டேன். போய்ச் சொல்லு. பரமசிவன் சொன்னான்னு பேரச் சொல்லியே சொல்லு!”