எண்பதைத் தாண்டினால்

எண்பது கிலோமீட்டர் வேகம் வரை எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நல்ல பிள்ளையாக நடுவில் நின்றது. அதைத் தாண்டியதும் மெல்ல மேலே கிளம்பியது. கோளாறைக் கண்டுபிடிக்கக் கூட வந்த மெக்கானிக் பக்கத்து இருக்கையிலிருந்து கழுத்தை நீட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். டிரைவர் ஒரு கண்ணைச் சாலையிலும் ஒரு கண்ணை முள்ளிலும் வைத்து ஓட்டினார். ஏசியை அணைத்துக் கண்ணாடிகளை இறக்கியிருந்ததால் உச்சிவெயில் காற்று முகத்தில் அறைந்தது.

"நான் ஏதாவது தப்பா பண்றேனா தம்பி? கிளட்ச்ல காலை வச்சுக்கிட்டே ஓட்டுறேனா? இருந்தா சொல்லிடு."

"இல்லண்ணே. நீங்க ஓட்டுங்க."

"ஊருக்குள்ள நாள் பூரா டிராஃபிக்ல நிக்குது, ஒண்ணும் ஆகல. இந்த ரோட்டுக்கு வந்தாத்தான் பேய் புடிக்குது."

முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. மெக்கானிக் ஓரம் கட்டச் சொன்னான். பானெட்டைத் தூக்கியதும் குப்பென்று ஆவி அடித்தது. டிரைவர் பதற்றத்தில் ரேடியேட்டர் மூடியை நோக்கிக் கையை நீட்ட, மெக்கானிக் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான்.

"தொடாதீங்கண்ணே. மூஞ்சி வெந்துரும்."

இருவரும் கார் நிழலில் குந்தினார்கள். சூடு தணியும் வரை செய்வதற்கு ஒன்றும் இல்லை. பெரிய லாரிகள் கடந்துபோகும்போதெல்லாம் கார் லேசாக ஆடியது.

டிரைவர் ஒன்பது வருடமாகத் துணிக்கடை மேடத்திடம் வேலை செய்கிறார். மேடத்துக்கு அடுத்த ஊரில் இன்னொரு கடை உண்டு. வாரத்தில் இரண்டு நாள் இந்தச் சாலையில் போய்வர வேண்டும். சென்ற மாதம் இரண்டு முறை கார் நடுவழியில் கொதித்து நின்று, மேடம் பட்டுப்புடவையோடு வெயிலில் காய்ந்தார். இன்றைக்கும் சூடேறினால் வேலை இல்லை என்று காலையில் சொல்லிவிட்டார். வேலை போனால் மேடம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறையும் போய்விடும். டிரைவரின் மனைவியும் பரீட்சைக்குப் படிக்கும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள்.

"பொண்ணு காலையில கேட்டா, புத்தகத்தை எல்லாம் மூட்டை கட்டணுமாப்பான்னு. விளையாட்டாத்தான் கேட்டா. நான் சாப்பிடாமலே கிளம்பிட்டேன்."

போன வாரம் மேடம் மெக்கானிக் ஷெட்டுக்குப் போன் செய்து, கார் கொதிப்பதற்குக் காரணம் கேட்டபோது, பேசியது இந்த மெக்கானிக்தான். கையில் வேறொரு வண்டியின் வேலை. பேச்சை முடித்தால் போதும் என்று, "டிரைவர் ரேடியேட்டர்ல தண்ணி பாக்காம ஓட்டிருப்பாரு மேடம்" என்று சொல்லிவிட்டான்.

சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டை மாற்றியாகிவிட்டது. ஃபேன் ஓடுகிறது. ரேடியேட்டரைச் சுத்தம் செய்தாகிவிட்டது. நின்றால் சூடேறவில்லை, வேகமாகப் போனால் ஏறுகிறது. அப்படியானால் தண்ணீர் சுற்றுவதில்தான் கோளாறு. அவன் எழுந்தான்.

"அண்ணே, தண்ணி ஊத்திட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. கொஞ்சம் சூடானதும் நான் கையைத் தூக்குவேன், அப்ப ஆக்சிலரேட்டரை நல்லா மிதிங்க."

ரேடியேட்டரின் அடியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய் கண்ணில் படும்படி மண்ணில் படுத்துக்கொண்டான். எஞ்சின் சும்மா ஓடும்போது குழாய் உருண்டையாக இருந்தது. கையைத் தூக்கினான். எஞ்சின் உறுமியது. குழாய் இரண்டு பக்கமும் உள்ளே இழுபட்டு, பல்லில்லாத கிழவன் கன்னம்போல் ஒட்டிக்கொண்டது. இன்னொரு முறை மிதிக்கச் சொன்னான். மறுபடியும் அதே கதைதான்.

அந்தக் குழாயை இரண்டு மாதம் முன்பு மாட்டியவன் அவனே. ஷெட்டில் அவனுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். மற்றவர்கள் ஒரு வண்டி முடிப்பதற்குள் அவன் இரண்டு முடிப்பான். அந்தக் குழாய்க்குள் ஒரு ஸ்பிரிங் இருக்க வேண்டும். எஞ்சின் வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும்போது குழாய் ஒட்டாமல் காப்பது அதுதான். புதுக் குழாய் ஸ்பிரிங் இல்லாமல்தான் வரும். பழையதிலிருந்து உருவி இதில் போட வேண்டும்.

மாற்றிய சாமானைக் காகிதத்தில் சுற்றி டிக்கியில் வைத்துவிடுவது ஷெட்டின் வழக்கம். மாற்றாமலே ஏமாற்றினார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவன் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியின் அடியில் துழாவினான். அவன் சுற்றிய பொட்டலம் சுற்றியபடியே கிடந்தது. பிரித்தான். பழைய குழாய்க்குள் ஸ்பிரிங் பத்திரமாக இருந்தது.

"என்னப்பா அது?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். டிரைவருக்குத் தெரிய நியாயமில்லை.

"என் தப்புண்ணே. இதை உருவிப் போடாம மாட்டிட்டேன். உங்க மேல ஒண்ணும் இல்ல. மேடம்கிட்ட உங்களைக் குத்தம் சொன்னதும் நான்தான்."

டிரைவர் அவனையே பார்த்தார். ஒரு அறை விழும் என்று எதிர்பார்த்தான். அவரோ பம்பர் மேல் உட்கார்ந்தார்.

"அப்ப என் ஓட்டுதல்ல கோளாறு இல்ல."

"இல்லண்ணே."

"இதை அப்படியே மேடம்கிட்ட சொல்லு தம்பி. அது போதும்."

எஞ்சின் ஆறியதும் ஸ்பிரிங்கைப் புதுக் குழாய்க்குள் போட்டு மாட்டி முடித்துக் கிளம்பினார்கள். எண்பது, தொண்ணூறு, நூறு. முள் நடுவை விட்டு அசையவில்லை. ஒரு மாதத்தில் முதல் முறையாக டிரைவர் சிரித்தார். மகளுக்குப் போன் போட்டு, "படிடா கண்ணு, எங்கயும் போகல" என்றார்.

ஷெட்டில் மேடம் நாற்காலியில் காத்திருந்தார். பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கைகட்டி நின்றார். மெக்கானிக் நேராகப் போய் எல்லாவற்றையும் சொன்னான். ஷெட் முதலாளி கண்ணால் எரித்ததையும் பொருட்படுத்தவில்லை.

"மனுஷன்தானே மேடம், கை தவறிடுச்சு. இனிமே தொந்தரவு வராது" என்று முதலாளி குழைந்தார்.

"தப்பு எல்லாருக்கும் வரும்தான். ஒத்துக்கிட்டானே, அதுவே பெரிசு" என்றார் மேடம். பிறகு டிரைவர் பக்கம் திரும்பினார். "உங்க இடத்துக்கு நான் காலையிலேயே இவரை வரச்சொல்லிட்டேன். இருந்த வேலையை விட்டுட்டு வந்திருக்கார். இப்பப் போய் இல்லன்னு எப்படிச் சொல்றது? பாவம், அவரும் குடும்பஸ்தர்."

"மேடம், அண்ணன் மேல தப்பே இல்ல" என்றான் மெக்கானிக்.

"நான் அவரைக் குத்தம் சொல்லலியே." அவர் எழுந்தார். "வாங்க, வண்டியிலேயே வந்துடுங்க. ரூமைக் காலி பண்ணணும்ல."

முதலாளி அடுத்த வண்டியை உள்ளே விடச் சொல்லிக் குரல் கொடுத்தார். மெக்கானிக் அசையவில்லை. டிரைவர் ஒன்பது வருடப் பழக்கத்தில் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து, மேடம் ஏறியதும் புடவை மாட்டிக்கொள்ளாமல் பார்த்து மூடினார். அதே வேகத்தில் முன்னால் வந்து தன் கதவின் கைப்பிடியைப் பிடித்தார். உள்ளே வெள்ளைச் சட்டைக்காரர் உட்கார்ந்து, பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். டிரைவர் கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு, காரைச் சுற்றி அந்தப் பக்கம் போனார்.