வால்டர் மகள்

எனக்கு முன்கோபம். அன்றைக்கு அதுதான் வினையாகப் போயிற்று.

எண்ணூர் நிலக்கரி யார்டில் ஆறு மாதமாக என் பெயர் வால்டர். வெளிநாட்டு வேலைக்குப் போன என் தோஸ்து வால்டர், திரும்பி வந்தால் இடம் வேண்டுமே என்று கேட் பாஸையும் இ.எஸ்.ஐ. கார்டையும் என்னிடம் விட்டுப்போயிருந்தான். எங்கள் பக்கம் ஒருவன் பாஸில் இன்னொருவன் உள்ளே போவது சகஜம். பிடித்தம் என் கூலியில், கணக்கு அவன் பெயரில்.

காலையில் என் ஏழு வயது மகள் ஷாலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். வலது பக்கம் தொட்டாலே அலறினாள்.

"பெரியாஸ்பத்திரிக்கு இட்னு பூடலாம்யா," என்றாள் என் மனைவி வேம்பு.

"இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கே போலாம். ஆறு மாசமா எங்கூலில புடிச்சினுகீறானுங்க, சும்மாவா? வால்டர் பொண்ணுக்கும் இதே வயசுதான். கார்டு போட்டோல மூஞ்சியே தெர்ல. வாய மூடிகினு வா!"

ஆட்டோவில் ஷாலுவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "உம்பேரு டெய்சி. அப்பா பேரு வால்டரு. மாத்திச் சொன்னா அப்பாவ போலீஸ் புட்சினு பூடும்." வலியிலும் தலையாட்டினாள். நானெல்லாம் ஒரு அப்பன்!

கவுண்டரில் பிசகாமல் சொன்னாள். உள்ளே டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "டெய்சிக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே குடல்வால் எடுத்தாச்சே. அப்ப இது குடல்வால் வலி இல்ல. டிரிப்ஸ் போட்டு சாயங்காலம் வரைக்கும் பார்க்கலாம்."

குடல்வால் எடுத்தது வால்டர் மகளுக்கு, ஷாலுவுக்கு இல்லை. வேம்பு என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "சொல்லுய்யா! கொழந்த பூடும்யா!"

வாயைத் திறந்தால் என் வேலை போகும், வால்டர் வேலையும் போகும், கேஸும் வரும். ஷாலு முனகக்கூட முடியாமல் கிடந்தாள். எல்லாம் நாசமாய்ப் போகட்டும் என்று தோன்றியது.

"சார், அது வேற பொண்ணு. இவ ஷாலு. நான் வால்டர் இல்ல, தீனா. இவளுக்கு ஒன்னியும் எடுக்கல சார்!"

டாக்டர் கவுனை விலக்கிப் பார்த்தார். தழும்பு இல்லை. லேசாக அழுத்தினார், ஷாலு துடித்துப்போனாள். "ஸ்ட்ரெச்சர்!" என்று கத்தினார்.

நர்ஸ் ஒரு படிவத்தோடு ஓடிவந்தாள். "ஆபரேஷனுக்குக் கையெழுத்து வேணும். குழந்தையோட அப்பா யாரு?"

"நான்தாம்மா," என்று கை நீட்டினேன்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்த ஷாலு என் கையைத் தட்டிவிட்டாள். "இல்லக்கா," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "இவரு எங்கப்பா இல்ல. எங்கப்பா பேரு வால்டரு."