எதிர்ப்பக்கத்து நிழல்

பிற்பகலில் தெருவின் எதிர்ப்பக்கமான மேற்கில் நிழல் விழத் தொடங்கியதும் முன்ஜி தம் காபிக் கடை வாசலில் முக்காலியைப் போட்டு அமர்ந்துவிடுவார். கையில் ஒரு கண்ணாடித் தம்ளரும் துணியும் இருக்கும். எத்தனை முறை துடைத்தாலும் அவர் பார்வை தம்ளரில் படாது; எதிர் நடைபாதையில்தான் நிலைத்திருக்கும். ஷாத்லியின் கடை வாசலில் யார் வந்து அமர்ந்தார்கள், எந்த நாற்காலி எவ்வளவு தூரம் இழுக்கப்பட்டது, எந்த மேசையிலிருந்து சிரிப்பு எழுந்தது என்பதெல்லாம் ஷாத்லியைவிட அவருக்கே நன்றாகத் தெரியும். பல ஆண்டுகளாக அவருடைய மாலைப்பொழுது இப்படித்தான் கழிந்துவந்தது.

காலை நிழல் முன்ஜியின் பக்கம் விழும். அப்போது கூட்டமும் அவருடையதுதான். ஆனால் காலையில் வருபவர்கள் கொட்டாவி விட்டபடி காபியைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடுவார்கள். அதே மனிதர்கள் மாலையில் எதிர்ப்பக்கம் போய், புதினாத் தேநீரும் ஹூக்காவுமாகச் சாய்ந்து உட்கார்ந்து சிரிப்பார்கள். வியாபாரக் குறைவைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். தம் கடையில் ஒருநாளும் கேட்டிராத அந்தச் சிரிப்புதான் அவர் நெஞ்சை அரித்தது.

அந்தத் தெருவின் நடுக்கோடே இரண்டு நகராட்சிகளுக்கு எல்லை. முன்ஜியின் பக்கம் ராஸ் ஸைதூன். ஷாத்லியின் பக்கம் பிர் லஹ்மர். நடைபாதையில் நாற்காலி போட இதுவரை அவரவர் நகராட்சியே அனுமதி தந்துவந்தது. இந்த ஆண்டு இரண்டும் கூடிப் பேசி, எல்லைத் தெருக்களுக்கு ஒரே அலுவலகம் வைத்தன. இரு தரப்பும் நேரில் பார்த்து, இரு தரப்பும் ஒப்பமிட வேண்டும் என்பது புதிய ஏற்பாடு. தெருவாசிகள் ஆட்சேபம் சொல்லலாம். சொன்னவர் பெயர் வெளியே வராது.

இந்தக் கடைசி விதியைக் கேள்விப்பட்டபின் முன்ஜிக்கு வேறு நினைப்பே இல்லை. ஒரு காலை நேரத்தில் அலுவலகத்துக்குப் போய், ஷாத்லியின் நாற்காலிகள் வழியை அடைப்பதாகவும், குழந்தை வண்டி தள்ளும் பெண்கள் சாலையில் இறங்கி நடக்க வேண்டியிருப்பதாகவும் சொல்லிவிட்டு வந்தார். முழுப் பொய். சொன்னபோது நாக்குக் குழறவில்லை. அதுதான் அவருக்கே வியப்பாக இருந்தது.

அடுத்த வாரமே அனுமதி நிறுத்திவைக்கப்பட்டு, ஷாத்லியின் வாசல் வெறுமையானது. முதல் மாலை முன்ஜிக்கு மனம் குளிர்ந்தது. மறுநாள் மாலை அந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்னவோ போலிருந்தது. வெயில் காயும் அவருடைய பக்கம் ஒருவரும் வரவில்லை. எல்லோரும் கடற்கரைக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த நாள் காலையில் தையிப் வந்தார். தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். கதை சொல்லாமல் காபி குடிக்கத் தெரியாதவர்.

"விஷயம் தெரியுமா முன்ஜி? ஷாத்லி கடை வாசலை யாருமே வந்து பாக்கலையாம். அந்த நகராட்சிக்காரங்க பாத்திருப்பாங்கன்னு இந்த நகராட்சிக்காரங்க தடைக்குக் கையெழுத்துப் போட, இவங்க பாத்திருப்பாங்கன்னு அவங்களும் போட்டுட்டாங்க."

"அப்படியா?"

"ஒரு ஆட்டுப்பட்டிக்கு ரெண்டு நாய் காவலாம். அது முழிச்சிருக்கும்னு இது தூங்குச்சாம். இது முழிச்சிருக்கும்னு அதுவும் தூங்கிருச்சாம். நாய்ங்க கதை புரியுது. ஓநாய் யாருன்னுதான் தெரியல."

முன்ஜி சர்க்கரைக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

அன்று மதியமே ஷாத்லி தெருவைக் கடந்து வந்தான். முன்ஜியைவிடப் பத்து வயது இளையவன். முகம் சவரம் காணாமல் கிடந்தது.

"அண்ணே, நாளைக்கு என்னைய விசாரிக்கக் கூப்பிட்டிருக்காங்க. அனுமதி போச்சுன்னா கடைய மூட வேண்டியதுதான். நீங்க ஒரு வார்த்தை வந்து சொல்லணும்."

"நானா? நான் எதுக்குடா?"

"தினம் இங்கதானே உக்காந்திருக்கீங்க. என் வாசல உங்களவுக்கு வேற யாரு பாத்திருக்கா?"

முன்ஜி அவன் கண்ணைத் தேடிப் பார்த்தார். அதில் குத்தல் எதுவும் இல்லை. அவன் உண்மையாகவே உதவி கேட்டு வந்திருந்தான்.

மறுநாள் விசாரணை அறையில் இரண்டு அதிகாரிகள் இருந்தார்கள். ராஸ் ஸைதூனிலிருந்து ராதியா என்ற அம்மையார். பிர் லஹ்மரிலிருந்து ஒரு பருத்த மனிதர். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"சொல்லுங்க. வழி அடைபட்டுச்சா?" என்றார் ராதியா.

"இல்லம்மா. மேசை சுவர ஒட்டி இருக்கும். நாற்காலிக்கு இந்தப் பக்கம் ரெண்டு பேர் தோளோட தோள் நடக்க இடம் உண்டு. குழந்தை வண்டி வந்தா இவனே எந்திரிச்சு இன்னும் ஒதுக்கிக் குடுப்பான்."

"தினமும் பாத்தீங்களா?"

"தினமும்."

"அப்படி என்ன வேலை உங்களுக்கு?" என்று பருத்தவர் சிரித்தார்.

"வயித்தெரிச்சல்" என்றார் முன்ஜி. "புகார் சொன்னதும் நான்தான். அது பொய்."

பருத்தவரின் சிரிப்பு பாதியில் நின்றது. ஷாத்லி தலையைத் திருப்பவே இல்லை.

ராதியா பேனாவைக் கீழே வைத்தார். "தெரிஞ்சே பொய்ப் புகார் குடுத்தா உங்க வாசல் அனுமதி இந்தக் கோடை முழுக்க ரத்தாகும். யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"எழுதிக்கோங்கம்மா."

திரும்பி வரும் வழியெல்லாம் ஷாத்லி இரண்டடி முன்னாலேயே நடந்தான். மீன் சந்தை முனையில்தான் நின்றான்.

"இத்தனை வருஷமா அங்க உக்காந்து பாத்தீங்களே. ஒரு நாளாவது எந்திரிச்சு இந்தப் பக்கம் வந்திருக்கலாம்ல?"

"நீ கூப்பிடலையே."

"தெருவைக் கடக்கக் கூப்பிடணுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நடந்துவிட்டான்.

ஷாத்லிக்கு அனுமதி திரும்பக் கிடைத்த நாளின் பிற்பகல், முன்ஜி தம் கடையைச் சாத்திவிட்டுத் தெருவைக் கடந்தார். ஷாத்லி உள்ளே அடுக்கியிருந்த நாற்காலிகளைத் தனியாக இறக்கிக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்தும் வாங்க என்று சொல்லவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை. முன்ஜி நான்கு நாற்காலிகளைச் சேர்த்துத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தார். திரும்பிப் போய் இன்னும் நான்கைத் தூக்கினார். மூச்சு வாங்கியது.

உள்ளிருந்து ஷாத்லியின் குரல் வந்தது: "இன்னும் கொஞ்சம் சுவரோரமா போடுங்க. குழந்தை வண்டி வரும்."

முன்ஜி குனிந்து, ஒவ்வொன்றாகச் சுவரோரம் தள்ளிப் போட்டார்.