புல்லில் கட்டிய படகு

அப்படியானால் தண்ணீர் எங்கேதான் போயிற்று, என்று மூன்றாம் முறையாகக் குனிந்து பார்த்தார் சேஷகிரி, காலடிப் பாறையில் அண்டா வாயளவு ஒரு பொந்து, ஏரி மொத்தமும் இதன் வழியாகத்தான் இறங்கிவிட்டது என்கிறாள் மகள் அனன்யா, காலையில் டிக்கெட் வாங்கிப் பார்த்த குகையெல்லாம் இதற்கு அடிவயிறாம்... முப்பத்திரண்டு வருஷம் பெங்களூரில் ஏரி அளந்த சர்வேயருக்கு, ரிட்டயர் ஆன பிறகு, மகள் கம்பெனி வேலையாக வந்திருக்கும் ஸ்லோவேனியாவில், செர்க்னிட்சா என்று வாயில் நுழையாத ஒரு சின்ன ஊரில் இப்படி ஒரு பாடம். ஆகஸ்ட் வெயில், ஏரிக்குள் ஒருவன் புல் அறுக்கிறான். அது சரி, நடுவில் அந்தப் படகு எதற்கு? முளையடித்து, மாட்டைக் கட்டுகிற மாதிரி கயிறு போட்டுக் கட்டியிருக்கிறானே, மடையனா? "கேளேன்" என்றார். அனன்யா ஆங்கிலத்தில் கேட்டாள், அவன் சிரித்துக்கொண்டே தரையைக் காட்டினான். "ஏரி எங்கயும் போகலயாம்ப்பா, கீழதான் இருக்காம். அக்டோபர் மழைல திடுதிப்புனு வந்துடுமாம். அப்போ போய்ப் படகைத் தேடிண்டிருக்க முடியுமாங்கறார்."

திடுதிப்பென்றா... எத்தனை அடி ஏறும் என்று கேட்க வாயெடுத்தார், அதற்குள் எங்கிருந்தோ கோவிந்தப்பா நினைவில் வந்து நின்றுவிட்டார். பெங்களூருக்குத் தெற்கே, ஹெப்பகோடிக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரி, தொண்ணூற்றொன்று, மே மாதம், மதகு திறந்து மூடும் கோவிந்தப்பா ஜீப்புக்குப் பின்னாலேயே ஓடிவந்தார், "மளெ பர்லி சார், ஆமேலெ நோடி", மழை வரட்டும், அப்புறம் பாருங்கள் என்று. சேஷகிரி பார்க்கவில்லை. வறண்ட ஏரி, இனிப் பயனில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன்மேல் லேஅவுட் வந்தது, இப்போது அடுக்குமாடி எழும்புகிறது, எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸுக்குப் பத்து நிமிஷம் என்று அதில்தான் அனன்யா, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வீடு புக் பண்ணியிருக்கிறாள். சொல்லிவிடலாம் என்று தினமும் நினைக்கிறார், சொன்னால் கையெழுத்து யாருடையது என்று கேட்பாளே... ஏரியை அளந்து எழுதச் சொல்லி மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்ய முடியும், பதினாலு வருஷமாக இதே பாட்டு. உத்தரவுதான், ஆனால் அதில் மாதம் போட்டிருந்ததா? இல்லையே. மே மாதத்தை யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. மே என்றால் அளவுச் சங்கிலியை இழுத்துப் போகச் சேறு இருக்காது, ஜீப் ஏரிக்குள்ளேயே போகும், வேலை சுளுவாக முடியும், எல்லாரும் அப்படித்தானே செய்தோம்... அப்படி எத்தனை ஏரி? முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"முட்டி வலிக்கறதாப்பா? செத்த உக்காந்துக்கோ," என்று அனன்யா அவர் கையைப் பிடித்துப் படகின் விளிம்பில் உட்காரவைத்தாள். "உன் முட்டிக்காகத்தான் நம்ம ஃப்ளாட்டைக்கூட கிரவுண்ட் ஃப்ளோர்ல கேட்டு வாங்கினேன்."

சேஷகிரி கயிற்றைத் தொட்டுப் பார்த்தார், நல்ல முடிச்சு. ஆரம்பிக்க வேண்டும், எங்கே ஆரம்பிப்பது...

"அந்த எடத்தை நீ போய்ப் பாத்தியே, அது எந்த மாசம்?"

"மே மாசம்ப்பா. ஏன்?"