லிட்டருக்கு நாற்பது மில்லி

வாட்ச் ரிப்பேர்காரரின் சின்ன ஸ்கூட்டருக்கும் அவர் மனைவிக்கும் ஒரே மேட்டில்தான் மூச்சு இரைக்கும். வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரி. மேட்டின் பாதியில் வண்டி முக்கி முனகி நின்றுவிடும். மிச்சத்தை அவள் நடந்துதான் ஏற வேண்டும். வியாதியோ நுரையீரலில்.

ஒரு தடவை அவள் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவள் தங்கை பார்த்துவிட்டாள். தங்கை வீடு மேட்டுக்கு மேலே, ஆஸ்பத்திரிக்கு எதிரில்.

"அக்காவ எங்க வீட்டுலயே விட்டுடுங்க மாமா. இந்த மேட்ட ஏறவெச்சே கொன்னுடுவீங்க போலிருக்கு."

"கொஞ்சம் பொறும்மா. வண்டிய சரி பண்ணிடுறேன்."

"வண்டியா அது? தையல் மெஷினுக்குச் சக்கரம் மாட்டுன மாதிரி இருக்கு."

சிரித்து வைத்தார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவளும் போய்விட்டால் அங்கே சுவரோடுதான் பேச வேண்டும்.

மறுநாளே கிரீஸிடம் போனார். மெக்கானிக்கை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெரிய சிலிண்டர், அதற்கேற்ற பிஸ்டன், மேடு இழுக்க எடை குறைந்த ரோலர் என்று எல்லாவற்றையும் கிரீஸ் வரவழைத்துக் கொடுத்தான்.

"குடு, நானே மாட்டிக்கறேன்."

"அண்ணே, இது முள்ளு மாட்டுற வேல இல்ல. சரி, உங்க கை சுத்தமான கை, மாட்டிடுவீங்க. ஒண்ணு மட்டும் கேளுங்க. புது பிஸ்டன் படியற வரைக்கும் லிட்டர் பெட்ரோலுக்கு நாப்பது மில்லி ஆயில். குறைக்கவே கூடாது."

முன்னறையில் பேப்பர் விரித்து மூன்று நாள் வேலை. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் மருந்து டப்பா மூடிகளில் வரிசையாக வைத்தார். பிஸ்டன் வளையத்தைக் கண்ணில் செருகிய லென்ஸ் வழியாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொண்ணு பார்க்க வந்தன்னிக்குக்கூட என்ன இப்படிப் பார்க்கலையே நீங்க" என்றாள் மனைவி.

வண்டி சொன்னபடி கேட்டது. ஆனால் புகை கக்கியது. பின்னால் உட்கார்ந்தவள் தெருமுனை தாண்டுவதற்குள் குலுங்கிக் குலுங்கி இருமினாள்.

"என்னங்க, கொசு மருந்து அடிக்கிற வண்டில ஏத்திட்டீங்களா?"

அவருக்கு மனசு கேட்கவில்லை. முப்பது வருஷமாக ஊசி முனையில் எண்ணெய் தொட்டு வைத்த கை அது. ஒரு சொட்டு கூடினாலும் கடிகாரம் படுத்துவிடும். எண்ணெய் என்றால் கொஞ்சம் என்பதுதான் அவர் படித்த படிப்பு. நாற்பதை இருபத்தைந்தாக்கினார். புகை குறைந்தது. பதினைந்தாக்கினார். புகையே இல்லை. கிரீஸிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வாரம் இருவரையும் சுமந்துகொண்டு ஸ்கூட்டர் மேட்டை ஒரே மூச்சில் ஏறியது. தங்கை வீட்டு வாசலில் வேண்டுமென்றே இரண்டு தடவை ஹாரன் அடித்தார். மனைவி அவர் முதுகில் தட்டிச் சிரித்தாள். இருமல் இல்லை.

அடுத்த தடவை நடுமேட்டில் இன்ஜின் கிறீச்சிட்டு அப்படியே இறுகி நின்றது. வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. பிரேக்கைப் பிடிப்பதற்குள் அவள் பயந்து குதித்துவிட்டாள். முழங்கால் தரையில் மோதியது. வலியில் கத்தக்கூட அவளுக்கு மூச்சு வரவில்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடினாள். யாரோ காரை நிறுத்தி ஏற்றிப் போனார்கள். காரில் அவருக்கு இடமில்லை.

நாலு நாள் ஆஸ்பத்திரி. அங்கிருந்து நேரே தங்கை வீடு. தங்கை ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

கிரீஸ் சிலிண்டரைக் கழற்றினான். பிஸ்டன் முழுக்க நகத்தால் பிறாண்டியது போல் கோடு.

"எவ்ளோ ஆயில் ஊத்துனீங்க?"

"பதினஞ்சு."

"நான் எவ்ளோ சொன்னேன்?"

"நாப்பது."

"அப்புறம் ஏண்ணே?"

"புகைக்கு அவ இருமுனாப்பா."

கிரீஸ் வேறு சிலிண்டரும் பிஸ்டனும் போட்டு, ஆயிலையும் தானே அளந்து ஊற்றிக் கொடுத்தான்.

இப்போது வண்டி மேட்டை அநாயாசமாக ஏறுகிறது. புகையும் விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை அதில்தான் மனைவியைப் பார்க்கப் போனார். தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்தார். அவள் ஜன்னலோரம் மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தாள்.

"வண்டி சரியாயிடுச்சா? என்னக் கூட்டிட்டுப் போயிடுங்க. இங்க எல்லாரும் எழவு வீடு மாதிரி மெதுவாவே பேசுறாங்க."

பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டையில் ஒட்டியிருந்த புகை வாடைக்கே அவளுக்கு இருமல் கிளம்பியது. நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"ஸ்பேர் இன்னும் வரலம்மா. பஸ்லதான் வந்தேன்."

"எப்ப வருமாம்?"

"சொல்ல முடியாதுங்கறான்."

அவள் அவர் சட்டையையும் முகத்தையும் பார்த்தாள். பிறகு குழாயைச் சரிசெய்துகொண்டு, "வீட்டுல கேஸ் சிலிண்டர மூடிட்டுதானே வந்தீங்க?" என்று கேட்டாள்.